ஓட்டத்தை நிறுத்தலாமா?



சென்ற வாரம் ஒரு தகப்பனார் வீடு தேடி வந்தார். செம்பனைக் குலை வெட்டுகிறவர். மகள் நான்காம் படிவம். மாவட்டப் போட்டியில் 200 மீட்டர் ஓடுகிறவள். டாக்டருக்குப் படிக்க ஆசை. ஆறாம் ஆண்டுவரை என்னிடம் படித்தவள்தான்.

"சார், ஓடுனது போதும்னு சொல்லி சப்பாத்தை எடுத்து வச்சிட்டேன். நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்றார்.

நான் முன்பு ஒரு பையனிடம் பந்தை விட்டுப் படி என்று சொன்னவன். பந்தை விட்டான்; படிப்பு வரவில்லை. மாலை முழுவதும் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். ஆகவே இம்முறை யோசித்துப் பேசினேன்.

டாக்டர் எம். ஜெகதீசன் அவர்களை உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிங்கப்பூரில் மருத்துவம் படித்துக்கொண்டே 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடியவர். 1966இல் பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம். 1968இல் மெக்சிகோவில் 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017இல்தான் நம் மலாக்காவின் கைருல் ஹாபிஸ் 20.90 விநாடியில் முறியடித்தார். 'பறக்கும் டாக்டர்' என்ற பெயர் சும்மா வரவில்லை.

எல்லாரும் ஜெகதீசன் ஆக முடியுமா என்றார் அவர். நியாயமான கேள்வி.

பேசப் பேச உள்ளே இருந்த கவலை வெளியே வந்தது: பணம். தனியார் கல்லூரியில் மருத்துவம் என்றால் லட்சக்கணக்கில் வெள்ளி வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழகத்தில் கட்டணத்தின் பெரும்பகுதியை அரசே ஏற்கிறது. ஆனால் இடம் கிடைப்பது கடினம். மெட்ரிகுலேஷன் அல்லது எஸ்.டி.பி.எம். முடித்து விண்ணப்பிக்கும்போது தேர்வுப் புள்ளிக்கு 90 விழுக்காடு, புறப்பாடத்துக்கு 10. அந்தப் பத்தில் அவள் ஓட்டமும் சேரும். சான்றிதழ்களைப் பத்திரமாக வைக்கச் சொன்னேன். தொண்ணூறு தொண்ணூறுதான், உயிரியலும் இரசாயனமும் தடுமாறினால் பதக்கம் கைகொடுக்காது. வாரத்தில் மூன்று மாலை ஓடட்டும், எஸ்.பி.எம். நெருங்கும்போது இன்னும் குறைக்கட்டும் என்றேன். வெளிநாட்டில் சுலபமாக இடம் வாங்கித் தருகிறேன் என்று முகவர் யாராவது வந்தால், அந்தப் பட்டத்தை மலேசிய மருத்துவ மன்றம் ஏற்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அவர் பதில் சொல்லாமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சனிக்கிழமை ஜாசின் பட்டணத்துக் கடையொன்றில் அவரைப் பார்த்தேன். கையில் ஒரு சோடி சப்பாத்து.

"பழசு காலைக் கடிக்குதாம் சார்" என்றார்.