பட்டியலில் துளைத்த குண்டு

இரண்டாம் உலகப் போரின் டாங்கிகளைப் பற்றிய படப் புத்தகங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். படத்துக்குக் கீழே ஒரு பட்டியல் இருக்கும். எடை இவ்வளவு, வேகம் இவ்வளவு, பீரங்கி துளைக்கக்கூடிய கவசம் இத்தனை மில்லி மீட்டர். இந்தக் கடைசி எண்ணை வைத்துக்கொண்டு எந்த டாங்கி உயர்ந்தது என்று மாணவர்கள் மணிக்கணக்கில் வாதிடுவதும் உண்டு. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த எண் பொய்யல்ல. ஆனால் தனியாக நிற்கும்போது அதற்குப் பொருள் கிடையாது. எந்தத் தகடு, எவ்வளவு சாய்வு, எத்தனை தூரம், எந்தக் குண்டு என்ற நான்கையும் சேர்த்துச் சொல்லாத பட்டியலை அச்சிடாமலே விட்டுவிடலாம்.

இது வீண் பிடிவாதமல்ல. 1944இல் அத்தகைய ஓர் எண்ணை நம்பி மனிதர்கள் போர்க்களத்துக்குப் போனார்கள்.

அமெரிக்காவின் ஷெர்மன் டாங்கியில் முதலில் இருந்தது 75 மி.மீ. பீரங்கி. அதன் கவசம் துளைக்கும் குண்டு சுமார் 6.8 கிலோகிராம். குழாயை விட்டு வெளிவரும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 620 மீட்டர். பின்பு 76 மி.மீ. பீரங்கி வந்தது. பெயரில் 1 மி.மீ.தான் வித்தியாசம், ஆனால் இது 7 கிலோகிராம் குண்டை வினாடிக்கு 790 மீட்டர் வேகத்தில் எறிந்தது. நிறையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் இயக்க ஆற்றல் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? போட்டுப் பாருங்கள். முதலாவதற்குச் சுமார் 13 லட்சம் ஜூல், இரண்டாவதற்குச் சுமார் 22 லட்சம் ஜூல் கிடைக்கும். பெரிய முன்னேற்றம்தான்.

சோதனைக் களத்தில், செங்குத்திலிருந்து 30 பாகை சாய்த்து நிறுத்திய எஃகுத் தகட்டை இந்தப் புதிய பீரங்கி 500 கெஜத்திலிருந்து சுட்டது. ஏறத்தாழ 90 மி.மீ. தடிப்பைத் துளைத்தது. ஜெர்மனியின் பாந்தர் டாங்கியின் முன்புறச் சாய்தகடு 80 மி.மீ. தடிப்பு. 90 பெரிதா, 80 பெரிதா? கவலை இல்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் பாந்தரின் தகடு செங்குத்திலிருந்து 55 பாகை சாய்ந்திருந்தது. வாழைக்காயை நேராக நறுக்கினால் துண்டு வட்டமாகவும், சாய்வாக நறுக்கினால் நீளமாகவும் வருவதைப் பார்த்திருப்பீர்கள். கிடையாக வரும் குண்டுக்கும் அதே கதைதான். சாய்ந்த தகட்டுக்குள் அது கடக்க வேண்டிய வழி நீண்டுவிடுகிறது. தடிப்பைச் சாய்கோணத்தின் கொசைனால் வகுத்தால் அந்த நீளம் கிடைக்கும். 30 பாகையில் 90 மி.மீ. தகடு என்பது 104 மி.மீ. வழி. 55 பாகையில் 80 மி.மீ. தகடு என்பதோ ஏறத்தாழ 139 மி.மீ. வழி! பள்ளிக்கூடத்துத் திரிகோண கணிதமே விஷயத்தை வெளியே கொண்டுவந்துவிடுகிறது. உண்மை நிலைமை இதைவிடவும் மோசம். அவ்வளவு சாய்வில் குண்டின் மூக்கு தகட்டைக் கவ்வாமல் வழுக்கி மேல்நோக்கித் திரும்பிவிடும்.

1944 ஜூன் மாதம் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கின. சில வாரங்களில் தளபதி ஐசன்ஹோவருக்கு அமெரிக்கப் பீரங்கிகள் பாந்தரின் முன்புறத்தைத் துளைக்கவில்லை என்ற செய்தி எட்டியது. எதிரியின் எந்த டாங்கியையும் 76 வீழ்த்தும் என்றல்லவா தன்னிடம் சொன்னார்கள் என்று அவர் கொதித்தார். பிறகு நடந்ததுதான், என் எண்ணத்தில், முன்பே நடந்திருக்க வேண்டிய சோதனை. இசீனி என்ற ஊருக்கு அருகே கைப்பற்றிய பாந்தர்களையே நிறுத்திவைத்துச் சுட்டார்கள். 76இன் சாதாரணக் குண்டு 200 கெஜத்திலும் அந்தச் சாய்தகட்டைத் துளைக்கவில்லை. நடுவே டங்ஸ்டன் கார்பைடுத் தண்டு வைத்த, வினாடிக்கு 1,000 மீட்டருக்கு மேல் பாயும் புதுக் குண்டையும் முழுவதாக நம்ப முடியவில்லை. பறக்கும்போதே உறை கழன்றுவிடும் பிரிட்டிஷ் குண்டு வலிமையானதுதான். ஆனால் குறி தவறியது.

அங்கே இன்னொன்றும் தெரிந்தது. பாந்தருக்குப் பாந்தர் தகட்டின் தரம் வேறுபட்டது. ஒன்றின் முகப்பு அடிமேல் அடி வாங்கியும் விரிசல் விடவில்லை. மற்றவை சில அடிகளிலேயே வெடித்தன. போரின் பிற்பகுதியில் ஜெர்மனிக்கு மாலிப்டினம் போன்ற கலப்பு உலோகங்கள் போதிய அளவு கிடைக்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அப்படியானால் "பாந்தரைத் துளைக்கும்" என்று எழுதும்போது எந்தப் பாந்தரைச் சொல்கிறோம்?

குண்டின் பக்கமும் வேடிக்கை உண்டு. வேகம் கூடினால் துளைப்பதும் கூடும் என்றுதானே எண்ணுகிறோம்? எப்போதும் அப்படியல்ல. வடஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பிரிட்டிஷாரின் 40 மி.மீ. பீரங்கி ஜெர்மன் டாங்கிகளின் மேற்பரப்புக் கடினமாக்கிய தகடுகளைச் சந்தித்தது. அதன் மொட்டைக் குண்டுகள் மோதிய வேகத்தில் பாறையில் எறிந்த மண்பானைபோல் நொறுங்கின. சில சமயம் தொலைவிலிருந்து மெதுவாக வரும் குண்டு உள்ளே போய்விடும். அருகிலிருந்து விரைவாக வருவது சிதறிவிடும். குண்டின் முனையில் மென்மையான எஃகுத் தொப்பி ஒன்றைப் பொருத்தி முதல் அதிர்ச்சியைப் பரப்பினார்கள். அதுதான் பரிகாரம். கடினமானதைத் துளைக்க மென்மையான தொப்பி!

இவற்றையெல்லாம் காட்டி அமெரிக்கப் பொறியியலாளர்களை மூடர்கள் என்று எழுதுகிறவர்கள் உண்டு. அதை நான் ஏற்கவில்லை. அவர்கள் அளந்த அளவு நேர்மையானது. பாந்தரும், 57 டன் எடையுள்ள டைகரைப் போல, சிறு எண்ணிக்கையில்தான் வரும் என்று இராணுவம் கருதிவிட்டது. ஜெர்மானியரோ ஒவ்வொரு பான்சர் டிவிஷனிலும் இரண்டு டாங்கிப் பட்டாலியன்களில் ஒன்றைப் பாந்தருக்கு ஒதுக்கத் திட்டமிட்டிருந்தார்கள். மேலும், 76 மி.மீ. ஷெர்மன்கள் முன்பே இங்கிலாந்துக்கு வந்திருந்தும் படைத் தலைவர்கள் பலர் அவற்றை விரும்பவில்லை. காரணம் உண்டு. ஷெர்மன் பெரும்பாலும் சுட வேண்டியிருந்தது டாங்கிகளை அல்ல. கட்டடங்களையும், பதுங்கு குழிகளையும், காலாட்படையையும். அதற்கு வேண்டிய வெடிகுண்டில் பழைய 75 சுமார் 670 கிராம் வெடிமருந்தைச் சுமந்தது. 76 சுமந்ததோ 400 கிராம் அளவுதான். துளைக்கும் பட்டியலில் தோற்ற பீரங்கி வேறொரு பட்டியலில் வென்றது என்பது நம் படப் புத்தகங்களில் வருவதே இல்லை.

1944 செப்டம்பரில் கிழக்கு பிரான்சின் அரக்கூர் அருகே ஒரு பெரிய டாங்கிப் போர் நடந்தது. பட்டியலின்படி பாந்தர்கள் வென்றிருக்க வேண்டும். ஆனால் மூடுபனியில் ஷெர்மன்கள் நெருங்கிச் சென்று பக்கவாட்டில் சுட்டன. அங்கே பாந்தரின் கவசம் 40 முதல் 50 மி.மீ.தான், பழைய 75 போதும். அமெரிக்க இராணுவத்தின் அபர்தீன் ஆய்வுக்கூடம் இத்தகைய மோதல்களைத் திரட்டி 1954இல் ஆராய்ந்தது. எந்தப் பக்கம் முதலில் சுட்டதோ அந்தப் பக்கத்துக்கே பெரும் அனுகூலம் என்று கண்டது.

முன்புறத்தைத் துளைக்க முடியாத வீரர்கள் சும்மா இருக்கவில்லை. பாந்தரின் பீரங்கியைச் சுற்றியிருந்த முகக்கவசம் உருளை வடிவம். அதன் கீழ்ப்பாதியில் அடித்தால் குண்டு கீழ்நோக்கித் தெறித்து, 16 மி.மீ. தடிப்பே உள்ள மேல்தகட்டைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். எதிர்த் தரப்புக்கும் இது தெரிந்துபோயிற்று. 1944 செப்டம்பரிலிருந்து வந்த பாந்தர்கள் சிலவற்றில் அந்த வளைவின் கீழே தாடைபோல் ஒரு தடித்த விளிம்பு இருக்கும். அடுத்த முறை படம் பார்க்கும்போது தேடிப் பாருங்கள்.