முருகேஷனா, பைசரா?

தஞ்சாவூர் பக்கம் பி.எஸ்.சி. பிசிக்ஸ் படிச்ச யாரை எழுப்பிக் கேட்டாலும் ரெண்டு பேரைச் சொல்லுவாங்க. ஒன்னு பிரிஜ்லால் சுப்ரமணியம், இன்னொன்னு முருகேஷன். (பிரிஜ்லால் வேற, சுப்ரமணியம் வேறங்கறதே பாதிப்பேருக்கு மூணாவது வருஷம்தான் தெரியும் :-)) முதல் ரெண்டு வருஷம் பிரிஜ்லால், அப்புறம் மாடர்ன் பிசிக்ஸுக்கு முருகேஷன். சரபோஜி காலேஜா இருந்தாலும் பூண்டி புஷ்பமா இருந்தாலும் கும்பகோணம் ஆர்ட்ஸ் காலேஜா இருந்தாலும் இதுதான் வழக்கம்.

இந்த வழக்கத்தைக் கொஞ்சம் கலைச்சுப் பார்க்கலாமேன்னுதான் எழுத உட்கார்ந்தேன். காரணம் ஒன்னுவிட்ட அண்ணன் பொண்ணு. பிளஸ் டூ வரைக்கும் தமிழ் மீடியம், இப்ப அரசு கல்லூரியில் பிசிக்ஸ். போன வாரம் போன்ல, "சித்தப்பா, முருகேஷன் ஒன்னு போதும்னு சீனியர் அக்கா சொல்றாங்க. நெட்ல எல்லாரும் பைசர் படிங்கறாங்க. ரெண்டும் வாங்கித் தாங்கன்னு அப்பாகிட்ட கேக்க முடியாது. எதை வாங்கட்டும்?"னு கேட்டா.

கடைசி வரிதான் விஷயமே. டெல்டா வீடுகள்ல காலேஜ் திறக்கற நேரமும் கையில் காசு இருக்கற நேரமும் ஒத்தே வராது. ஜூன் 12 மேட்டூர் திறந்தா குறுவைக்கு உழவு, விதை, நடவுக்கூலி, உரம்னு போட்டுக்கிட்டே இருக்கணும். சரியா அப்பதான் காலேஜ் ஃபீஸ், பஸ் பாஸ், புத்தகம். குறுவை அறுத்து கொள்முதல் நிலையத்துல மூட்டையை அடுக்கி, ஈரப்பதம் கூடுதல்னு சொல்லாம எடுத்துக்கிட்டா செமஸ்டர் முடியற நேரத்துக்குக் காசு வரும். புத்தக விலையை நெல் மூட்டைல கணக்குப் போடற வீட்டுல "ரெண்டும் வாங்கிக்கோ"ன்னு சொல்றது யோசனையே இல்லை. ஒன்னுதான்னா எதுங்கறதுதான் கேள்வி.

என் பதில்: பைசரை வாங்கு, முருகேஷனை இரவல் வாங்கு.

முருகேஷனை மட்டம் தட்டறதுக்காகச் சொல்லலை. நம்ம ஊர்ப் பாடத்திட்டத்துக்கு அளவெடுத்துத் தைச்ச சட்டை அது. தாம்சன் பாராபோலா, ஆஸ்டன் மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப், வெக்டர் அணு மாதிரி, ஸ்டெர்ன் கெர்லாக், சீமன் விளைவு எல்லாம் பத்து மார்க் கேள்விக்கு எந்த அளவு வேணுமோ அந்த அளவுல, படத்தோட இருக்கும். சின்னச் சின்ன வாக்கியம். தமிழ் மீடியத்துல இருந்து வர்ற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய உதவின்னு இங்கிலீஷ் மீடியம் ஆளுங்களுக்குப் புரியாது. ஆனா அந்தப் புத்தகம் ஊரெல்லாம் கிடைக்கும். சீனியர் வீட்டுல தூங்கும், லைப்ரரில அஞ்சு காப்பி கிழிஞ்சு கிடக்கும், பக்கத்துத் தெரு அண்ணன் எம்.எஸ்.சி. போனதும் எடைக்குப் போடும். கேட்டா கிடைக்கற புத்தகத்துக்கு எதுக்குக் காசு?

பைசர் அப்படி இல்லை. எங்க காலேஜ் லைப்ரரில கண்ணாடி பீரோவுல பூட்டி வச்சிருந்தாங்க. சாவி யார்கிட்ட இருக்குங்கறது குவாண்டம் நிலை மாதிரி, கேக்கற வரைக்கும் யாருக்கும் தெரியாது. கேட்டா 'ரெஃபரன்ஸ் மட்டும்'.

ஆர்தர் பைசர் அந்தப் புத்தகத்தை முதல்ல போட்டது 1963ல். ஆறாம் பதிப்பு 2003. முதல் அத்தியாயம் சார்பியல். அடுத்து அலைக்குத் துகள் குணம், துகளுக்கு அலை குணம், அப்புறம் அணு, அஞ்சாவது அத்தியாயத்துலயே ஷ்ரோடிங்கர் சமன்பாடு. நமக்கு அங்க போய்ச் சேரவே நாக்கு தள்ளிடும், ஏன்னா வழியில் போர், அவருக்கு அப்புறம் சாமர்ஃபெல்ட், நீள்வட்டம், அதுக்குச் சார்பியல் திருத்தம்னு ஏகப்பட்ட நிறுத்தம்.

சாமர்ஃபெல்ட்னதும் ஒரு கதை. சி.வி. ராமனோட அண்ணன் மகன் சந்திரசேகர், பூர்வீகம் நம்ம தஞ்சை மாவட்டம்தான், சென்னை பிரசிடென்சி காலேஜ்ல இளங்கலை மாணவர். சாமர்ஃபெல்ட் எழுதின அணு அமைப்பு, நிறமாலைக் கோடுகள் பத்தின புத்தகத்தைத் தானே படிச்சுக் கரைச்சுக் குடிச்சிருந்தார். 1928ல் அந்த சாமர்ஃபெல்டே சென்னைக்கு வர்றார். பையன் அவர் தங்கியிருந்த ஹோட்டலுக்கே போய், உங்க புத்தகம் படிச்சிருக்கேன்னு சொல்றான். பெரியவர் என்ன சொன்னார்னா, அந்தப் புத்தகம் வந்த பிறகு இயற்பியலே மாறிப் போச்சு, ஷ்ரோடிங்கர், ஹைசன்பர்க், டிராக்னு புதுசா வந்தாச்சுன்னு. சொல்லிட்டு, உலோகத்துல எலக்ட்ரான் எப்படி நடந்துக்குதுங்கறது பத்தின தன்னோட கட்டுரை அச்சுக்குப் போறதுக்கு முந்தின ப்ரூஃபையும் கையில் கொடுத்தார். அதைப் பிடிச்சுக்கிட்டுப் படிச்சு, பையன் எழுதின கட்டுரை 1929ல் லண்டன் ராயல் சொசைட்டி இதழ்ல வந்துச்சு. அப்ப அவருக்கு 18 வயசு.

எழுதினவரே 1928ல் 'காலம் மாறிப் போச்சு'ன்னு சொன்ன அணு மாதிரியைத்தான் நாங்க பக்கம் பக்கமா டிரைவ் பண்ணிப் பரீட்சை எழுதினோம். (அவரோட நுண்வரிச் சூத்திரம், அதே 1928ல் வந்த டிராக் சமன்பாடு கொடுத்த விடையோட அப்படியே ஒத்துப்போனது தனி வேடிக்கை. வழி தப்பு, விடை சரி. எங்க வாத்தியார் பாதி மார்க் போட்டிருப்பார்.) வரலாறா ஒரு பக்கம் படிக்கலாம், சுகமா இருக்கும். ஆனா அதுக்குச் செலவாகற வாரங்கள் ஷ்ரோடிங்கர் கிட்ட இருந்து புடுங்கினது.

இந்தப் பேச்சு வந்தாலே நம்மூர்ல ஒருத்தர் எழுந்து ராமானுஜனை இழுப்பார். கும்பகோணத்துல 1903 வாக்குல கார் எழுதின ஒரு பழைய தொகுப்பு நூல் ஒன்னை வச்சுக்கிட்டே அவர் மேதை ஆகலையா, எந்தப் புத்தகமா இருந்தா என்னம்பார். ஐயா, அதுல ஆயிரக்கணக்கான தேற்றம் இருந்துச்சு, நிரூபணம் பெருசா இல்லை. அதை அவர் தானே நிரப்பிக்கிட்டார். அதே சமயம் மத்த பாடத்தைக் கவனிக்காம கும்பகோணம் காலேஜ்ல ஸ்காலர்ஷிப்பையும் தொலைச்சார். அவர் மாதிரி ஒருத்தருக்குப் போதுமானதை எல்லாருக்கும் போதும்னு சொல்றது அநியாயம்.

நான் புத்தகத்தைப் பார்க்கறது கணக்கை வச்சு. அத்தியாயம் முடிஞ்சதும் இருக்கற கணக்கு, அதே அத்தியாயத்துல உள்ள சூத்திரத்துல எண்ணைப் போட்டா வந்துடுதா, இல்லை கொஞ்சம் யோசிக்க வைக்குதா? டி பிராலி அலைநீளத்தை எடுத்துக்கோங்க. 100 வோல்ட் எலக்ட்ரானுக்கு 1.23 ஆங்ஸ்ட்ராம், எல்லாருக்கும் மனப்பாடம். களத்துல தூத்தும்போது விழற ஒரு நெல்லுக்கு எவ்வளவு? 25 மில்லிகிராம், விநாடிக்கு 1 மீட்டர் வேகம்னு வச்சுக்கோங்க. ஏறக்குறைய 2.7 × 10⁻²⁹ மீட்டர் வரும். அணுக்கருவே 10⁻¹⁵ மீட்டர் அளவுதான். நெல் ஏன் அலையா விரியாம நேரா முறத்தடியில குவியுதுன்னு இந்த ஒரு வரிக் கணக்கு சொல்லிடுது. பைசர்ல எலக்ட்ரானையும் அன்றாடப் பொருளையும் இப்படிப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்க்க வைப்பார். ஐ.ஐ.டி. எம்.எஸ்.சி.க்கான ஜாம் தேர்வு, திருவாரூர் நீலக்குடி மத்தியப் பல்கலைக்கழகத்துக்கான நுழைவுத் தேர்வு ரெண்டுலயும் 'விளக்கி எழுதுக' கிடையாது. எண்ணும் யோசனையும்தான். நம்ம பிள்ளைங்க தடுமாறறது அறிவு குறைஞ்சு இல்லை, இந்த மாதிரிக் கணக்கு போட்டே பழக்கம் இல்லாததால.

இங்கிலீஷ் பயம்? நான் அவகிட்ட சொன்னது, முதல் அத்தியாயத்துல ஆரம்பிக்காதே. ரெண்டாவதுல ஒளிமின் விளைவுக்குப் போ. வெளியேற்று ஆற்றல், நிறுத்து மின்னழுத்தம் எல்லாம் பிளஸ் டூல தமிழ்ல படிச்சதுதானே, விஷயம் தெரிஞ்சிருந்தா மொழி தானா வழிவிடும். தமிழ்ல பார்க்கணும்னா தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் அந்தக் காலத்துல கல்லூரிகளுக்குன்னு போட்ட இயற்பியல் நூல்கள் தமிழ் இணைய நூலகத்துல ஸ்கேனா இருக்கு. சொற்களுக்காகப் பார்க்கலாம். அதையே நம்பி உட்கார முடியாது, வயசாயிடுச்சு.

ஃபெய்ன்மன்? 2013ல இருந்து இணையத்துல இலவசம், காசே வேண்டாம். மூணாவது தொகுதி அமிர்தம். ஆனா அதை மட்டும் படிச்சா எல்லாம் புரிஞ்ச மாதிரி ஒரு மயக்கம் வரும், கணக்கு ஒன்னும் வராது. க்ரேன் புத்தகம் கிடைச்சா பைசருக்குப் பதிலா தாராளமா எடுக்கலாம்.

பழைய புத்தகக் கடையில வாங்கப்போறவங்களுக்கு ஒன்னு. கடைசி அத்தியாயத்துல நியூட்ரினோ பக்கத்தைப் புரட்டுங்க. நிறை பூஜ்யம்னு அடிச்சுச் சொல்லியிருந்தா, 1998ல் ஜப்பான்ல சூப்பர் கமியோகாண்டே சொன்னது அந்தப் புத்தகத்துக்கு எட்டலை. அட்டையில 'புதிய பதிப்பு'ன்னு போட்டிருந்தா மட்டும் நம்பாதீங்க. அதுக்காக ஒதுக்கவும் வேண்டாம், அந்தப் பக்க ஓரத்துல பென்சில்ல திருத்திக்கிட்டா போதும். பைசர் மூலப் பதிப்புலயும் 2012ல் கண்டுபிடிச்ச ஹிக்ஸ் இருக்காது, 2003ல எப்படி இருக்கும்?

அவ கடைசில என்ன பண்ணினான்னா, வகுப்புல மூணு பேரா சேர்ந்து ஒரு பைசர் வாங்கியிருக்காளுங்க. வாரத்துக்கு ஒருத்தி வீட்டுல இருக்குமாம். பரீட்சை வாரம் யார்கிட்ட இருக்கும்னு கேட்டேன். அதுக்குத்தான் இப்ப சண்டை நடக்குதாம்.