ஓய்வு வேளைக்கும் கணக்கு உண்டு



 வேலை, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு ஆகியவற்றுக்காக நாம் ஜெபிக்கிறோம். வேலை முடிந்து வீடு திரும்பிய பின் நம் கையில் மீதியாயிருக்கும் இரண்டு மணி நேரத்துக்காக நம்மில் எத்தனை பேர் ஜெபிக்கிறோம்? இம்மாதம் அதைக் குறித்தே உங்களோடு பேச விரும்புகிறேன்.

ஊரில் இருந்தபோது மாலை நேரம் நமக்கு ஒரு பாரமாக இருந்ததில்லை. திண்ணை இருந்தது; பேச ஆட்கள் இருந்தார்கள்; ஆலய மணி அடித்தால் எழுந்து போனோம். மும்பையிலும் டில்லியிலும் பெங்களூரிலும் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான். அடுத்த வீட்டாருடைய பாஷை வேறு. சபை கூடிவருதலோ ஞாயிறும், மிஞ்சினால் வெள்ளியும். மற்ற நாட்களின் மாலைகளை நம் ஜனங்கள் எப்படிக் கழிக்கிறார்கள் என்பதை நாம் கேட்பதில்லை. கேட்காமலே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அப்படித் தீர்ப்புச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

ஒரு வீடு சந்திப்பு

எங்கள் சபையில் ஒரு சகோதரி உண்டு. தென்மாவட்டத்தைச் சேர்ந்தவர், செம்பூர்ப் பகுதியில் ஓர் அறை வாடகைக்கு எடுத்துத் தனியே தங்கி, கணக்கு எழுதும் வேலை செய்கிறவர். சில வாரங்களாக ஆராதனைக்கு அவர் தாமதமாக வந்தார்; பின்பு வராமலே இருந்தார். "அந்தப் பெண் வீட்டுக்குள் நாய் வளர்க்கிறாள், இரவெல்லாம் சினிமா பார்க்கிறாள்" என்று ஒருவர் என் காதில் போட்டார். புத்தி சொல்ல வேண்டும் என்ற வைராக்கியத்தோடு என் மனைவியையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவு திறந்ததும் ஒரு நாய் குரைத்தது. மழைக்காலத்தில் படிக்கட்டின் கீழே நடுங்கிக்கொண்டிருந்த தெருநாய்க் குட்டியாம் அது. சுவரோரம் நூல்கண்டுகளும், பாதி முடிந்த பூவேலைத் துணியும் இருந்தன. மடிக்கணினியில் ஏதோ படம் ஓடிப் பாதியில் நின்றிருந்தது. உட்கார்ந்ததும் உட்காராததுமாக நான் ஆரம்பித்தேன்: "சகோதரி, இந்த நாய்க்குக் கொடுக்கிற நேரத்தைக் கர்த்தருக்குக் கொடுக்கலாமே?"

அவர் கோபப்படவில்லை. தலை குனிந்தபடி, "ஐயா, நான் வேலையிலிருந்து திரும்பும்போது எனக்காகக் கதவுக்குப் பின்னால் காத்திருக்கிற ஜீவன் இது ஒன்றுதான். நான் இங்கே குடிவந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. சபையிலிருந்து என் வீட்டுக்கு முதல்முதலாக வந்திருப்பது நீங்களும் அம்மாவுந்தான்" என்றார்.

எனக்குப் பதில் வரவில்லை. ஒன்றரை வருஷம் அவர் தசமபாகக் கவரை வாங்கினோம். அவர் வாசற்படியை மிதிக்கவில்லை. என் மனைவி எழுந்துபோய் அந்தச் சகோதரியின் அருகில் உட்கார்ந்து, பூவேலையைக் கையில் எடுத்து, "இந்தத் தையல் எப்படி அம்மா போடுகிறாய்?" என்று கேட்டாள். அன்று அந்த வீட்டில் ஊழியம் செய்தவள் அவளே.

வாயில்லா ஜீவன்

வீட்டுக்கு வந்து வேதத்தைத் திறந்தேன். நாய்களைக் குறித்து வேதம் கடுமையாகப் பேசும் இடங்கள் உண்டு என்பது உண்மையே. அக்காலத்தில் எருசலேமின் தெருக்களில் உரிமையாளர் இல்லாமல் அலைந்த நாய்களை மனதில் வைத்துச் சொல்லப்பட்டவை அவை. ஆனாலும் மத்தேயு 15-ஆம் அதிகாரத்தில் கானானிய ஸ்திரீ பேசுவது மேஜையின் கீழே துணிக்கைகளுக்குக் காத்திருக்கும் வீட்டு நாய்க்குட்டிகளைப் பற்றி. அவளுடைய விசுவாசத்தை ஆண்டவர் மெச்சினார். 2 சாமுவேல் 12-இல் நாத்தான் தீர்க்கதரிசி சொன்ன உவமையில், தன் அப்பத்தைத் தின்று தன் மடியில் படுத்த ஆட்டுக்குட்டியை நேசித்த ஏழையின் பாசத்தைத் தேவன் பரியாசம் பண்ணவில்லை. நீதிமானுடைய அடையாளங்களில் ஒன்று தன் மிருகஜீவனைக் கவனிப்பது என்று நீதிமொழிகள் 12:10 போதிக்கிறது. யோனாவின் புஸ்தகம் முடியும்போதும், நினிவேயின் மிருகஜீவன்களையும் கர்த்தர் நினைவுகூருகிறார்.

ஆனால் பரிவு பொறுப்போடு சேர்ந்தே வரவேண்டும். நாய் வளர்க்கும் விசுவாசி வெறிநோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் தவறாமல் போட வேண்டும். மாநகராட்சியில் உரிமம் பெற வேண்டும். வெளியே கழிக்கும் அசுத்தத்தைத் தானே அள்ளிச் சுத்தம் செய்ய வேண்டும். சாக்லேட், வெங்காயம், திராட்சை ஆகியவை நாய்க்கு விஷம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்த நாய் கடித்தாலும், பிராண்டினாலும், மஞ்சளும் சுண்ணாம்பும் தடவாமல் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். வெறிநோயின் அறிகுறிகள் வந்தபின் அநேகமாக ஒருவரும் பிழைப்பதில்லை. அதற்குமுன் தடுப்பூசி போட்டுக்கொண்டால் காக்கப்படலாம். "ஜெபித்துவிட்டோம், ஊசி வேண்டாம்" என்பது விசுவாசமல்ல, தேவனைப் பரீட்சை பார்ப்பது.

குடியிருப்புச் சங்கத்தார் பெரும்பான்மை ஓட்டைக் காட்டி நாய் வளர்ப்பதைத் தடைசெய்யக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. உரிமை உண்டு என்பதற்காக அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுத்தால் நம் சாட்சி கெடும்.

கைவேலை

வனாந்தரத்தில் ஆசரிப்புக் கூடாரம் எழும்பியபோது, தேவ ஆவியினால் நிரப்பப்பட்டவன் என்று கர்த்தர் பேர் சொல்லிக் குறிப்பிட்ட பெசலெயேல் ஒரு கைவேலைக்காரன் (யாத்திராகமம் 31). யோப்பா பட்டணத்துத் தொற்காள் மரித்தபோது விதவைகள் பேதுருவுக்குக் காட்டியது அவள் தைத்துக்கொடுத்த அங்கிகளையும் வஸ்திரங்களையுமே (அப்போஸ்தலர் 9).

நம் சொந்த மண்ணிலும் சாட்சி உண்டு. 1820-களில் நாகர்கோவிலில், லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மையார் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். பள்ளிக்கூடத்தின் வாசலையே காணாத பெண்கள் அந்த நூலைப் பிடித்துக்கொண்டு எழுத்தும் கற்று, கையில் காசும் கண்டார்கள். அவருடைய மகள் எலிசா 1844-இல் ராபர்ட் கால்டுவெல் ஐயரை மணந்து, இடையன்குடிப் பெண்களுக்கும் அந்த வேலையைக் கொண்டுபோனார். நம் வாசகிகளில் சிலருடைய பாட்டிமார் அந்த லேஸ் தலையணையின் முன் உட்கார்ந்தவர்களாக இருக்கலாம். தாயிடமிருந்து மகளுக்கும், மகளிடமிருந்து ஒரு கிராமத்துக்கும் அது பரவியது. ஒருவருடைய ஓய்வு நேரக் கைவேலை மற்றொருவருக்கு ஆகாரமாகவும் கல்வியாகவும் மாறுமானால், அதை வீண்பொழுது என்று யார் சொல்லக்கூடும்?

திரைப்படம்

இப்போது கடினமான காரியத்துக்கு வருகிறேன். ஞானஸ்நானம் எடுத்த நாளில் இனித் திரைப்படம் பார்ப்பதில்லை என்று தீர்மானித்தவர்கள் நம்மில் அநேகர். அந்தத் தீர்மானத்தைக் கனம்பண்ணுகிறேன். அதைத் தளர்த்தச் சொல்லி நான் எழுதவில்லை. ஆனால் கொட்டகைக்குப் போகாத நாம், சீரியலையும் கைப்பேசியின் குறும்படங்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. அந்தச் சகோதரியைக் குறித்து என்னிடம் குறைசொன்னவர், சொல்லி முடிக்கும்வரை தன் கைப்பேசியை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

அவர் அன்று பார்த்துக்கொண்டிருந்தது எது என்று பின்பு கேட்டேன். 1981-இல் வெளிவந்த 'சாரியட்ஸ் ஆஃப் ஃபயர்'. 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில், ஞாயிற்றுக்கிழமை ஓடமாட்டேன் என்று 100 மீட்டர் ஓட்டத்தை விட்டுக்கொடுத்து, 400 மீட்டரில் தங்கம் வென்ற எரிக் லிடலின் கதை அது. அவர் பின்பு மிஷனெரியாகச் சீனாவுக்குப் போய், 1945-இல் ஜப்பானியரின் தடுப்பு முகாமில் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். படத்தில் அவர் கப்பலேறும் நேரத்தில்தான் ஞாயிறு ஓட்டத்தைக் குறித்து அறிவதாகக் காட்டுகிறார்கள். உண்மையில் பல மாதங்களுக்கு முன்பே அறிந்து, தீர்மானித்து, 400 மீட்டருக்குப் பயிற்சி எடுத்திருந்தார். திரை எப்போதும் ஒரு நொடியின் வீரத்தையே விரும்பும். தேவனோ மாதக்கணக்கான அமைதியான கீழ்ப்படிதலைப் பார்க்கிறார். நல்ல படத்தையும் நிதானித்தே பார்க்கவேண்டும் என்பதற்கு இதுவே போதும். தாவீது 101-ஆம் சங்கீதத்தில் தன் கண்களுக்கு முன்னால் எதை வைப்பது என்று தீர்மானம் பண்ணினான். அந்தத் தீர்மானம் கொட்டகைக்கு மட்டுமல்ல, உள்ளங்கைக்கும் உரியது.

மூன்று கேள்விகள்

பிரியமானவர்களே, எல்லாவற்றையும் அநுபவிக்க அதிகாரம் இருந்தாலும் எல்லாம் பக்திவிருத்தி உண்டாக்காது என்பதே 1 கொரிந்தியர் 10:23-இன் போதனை. ஆகையால் உங்கள் ஓய்வு வேளையை இந்த மூன்று கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். இது என்னை மறுநாள் காலையில் ஜெபத்துக்கு எழுப்புகிறதா, எழும்ப ஒட்டாமல் பண்ணுகிறதா? இது வேறொருவருக்குப் பிரயோஜனமாகிறதா? இதை நிறுத்தச் சொன்னால் நிறுத்த எனக்குப் பெலன் உண்டா?

அந்தச் சகோதரியும் தன்னை இப்படிச் சோதித்தார். "ஐயா, நாய் என்னைக் காலை ஐந்தரைக்கு எழுப்பிவிடுகிறது, அதை நடத்திக்கொண்டு வந்து வேதம் வாசிக்கிறேன். படந்தான் என்னை இரவு இரண்டு மணிவரை பிடித்துவைக்கிறது. ஞாயிறு காலையை அது தின்றுவிட்டது" என்று தாமே அறிக்கையிட்டார். இப்போது வாரத்தில் ஒரு நாள், இரவு பத்து மணிக்குள் என்று வரையறுத்துக்கொண்டிருக்கிறார். சில வாரங்களில் தவறுவதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்லுகிறார்.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் என் மனைவி அங்கே போகிறாள். தனியே தங்கியிருக்கும் வேறு இரண்டு பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். தையலுக்குப் பின் ஒரு சங்கீதம், ஒரு ஜெபம். நான் போனால் நாய் இன்னும் குரைக்கிறது. முதல் நாளின் என் குரல் அதற்கு நினைவிருக்கிறது போலும்.

உங்கள் சபையிலும் சாத்திய கதவுக்குப் பின்னால் ஒருவர் உண்டு. அவருடைய பொழுதுபோக்கைக் குறித்துப் பேசுமுன், ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போங்கள். புத்திமதியை வீட்டில் வைத்துவிட்டு, பழமோ பலகாரமோ வாங்கிக்கொண்டு போங்கள்.

கர்த்தர்தாமே உங்கள் போக்கையும் வரத்தையும், உங்கள் ஓய்வு வேளையையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.