முடிந்த கதைக்கு எதற்குக் கூட்டணி?

கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் வரிசை 2012-இல் மூன்றாவது படத்தோடு முடிந்தது. மறு ஆண்டே சூப்பர்மேன் படமான ‘மேன் ஆஃப் ஸ்டீல்’ வந்தது. அதன் தயாரிப்பாளர்களில் நோலனும் ஒருவர். கதையிலும் அவருக்குப் பங்குண்டு. ஆனாலும் அந்தப் படத்திலிருந்து டிசி கட்டியெழுப்பிய கூட்டுப் பிரபஞ்சத்துக்குள் நோலனின் பேட்மேனான கிறிஸ்டியன் பேல் வரவில்லை. 2016-இல் பென் அஃப்லெக் புது பேட்மேனாக வந்தார். பின்னாளில் அந்தப் பிரபஞ்சம் தள்ளாடியபோது, பழைய வரிசையையே அதில் இணைத்திருக்கலாமே என்று ஆதங்கப்பட்ட ரசிகர்கள் உண்டு. இணைக்காமல் விட்டதுதான் சரி.

நோலனின் கோதம் நகரில் எதுவும் சும்மா வராது. பேட்மேனின் கவசம் ராணுவ வீரர்களுக்காகச் செய்து, விலை கட்டுப்படியாகாது என்று மூலையில் போடப்பட்டது. பாலம் போட உதவும் ராணுவ வண்டிதான் அவருடைய கார். கடைசிப் படத்தில் முழங்கால் தேய்ந்து, கைத்தடி ஊன்றி நடக்கிறார். வில்லன் பேன் பாலங்களைத் தகர்த்து, அணுகுண்டைக் காட்டி, மாதக்கணக்கில் நகரையே பணயமாக வைத்திருக்கிறான். அதே உலகில் சூப்பர்மேனும் இருந்தால்? அரை மணி நேர வேலை. ‘அந்த ஆள் எங்கே போனார்?’ என்ற ஒரே கேள்வியில் படத்தின் பதற்றம் முழுவதும் வடிந்துவிடும்.

பழைய வரிசைகளின் ஸ்பைடர்மேன்களைக் கூட்டிவந்த ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ (2021) ஜெயித்ததே என்பார்கள். ஜெயித்தது, அதற்குக் காரணம் உண்டு. ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் ஸ்பைடர்மேனாக நடித்த வரிசை 2014-இல் இரண்டாவது படத்தோடு பாதியில் நின்றுபோனது. உயரத்திலிருந்து விழுந்த காதலி க்வென்னை அவரால் காப்பாற்ற முடியவில்லை. ஏழு ஆண்டுகள் கழித்து, அதேபோல் விழும், இன்னொரு ஸ்பைடர்மேனின் காதலியான எம்ஜேவைத் தாங்கிப் பிடித்துத் தரையிறங்கும்போது அவர் முகம் உடைவதைப் பாருங்கள். அது விட்ட குறை தொட்ட குறை. பேல் நடித்த பேட்மேன் புரூஸ் வேய்னுக்கு அப்படி எந்தப் பாக்கியும் இல்லை. முகமூடியைக் கழற்றிவிட்டு ஃப்ளாரன்ஸில் ஒரு மேசையில் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் மனிதரை எழுப்பிவந்து என்ன செய்யச் சொல்வது?

எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கு ‘லோகன்’ சாட்சி. 2017-இல் அதில் வுல்வரின் செத்தது அவ்வளவு கச்சிதமான முடிவு. 2024-இல் ‘டெட்பூல் & வுல்வரின்’ வேறோர் உலகத்து வுல்வரினைத்தான் கொண்டுவந்தது. ஆனாலும் பழைய வுல்வரினின் கல்லறையைத் தோண்டாமல் படத்தைத் தொடங்க முடியவில்லை, எலும்புகளே ஆயுதமாயின. நானும் சிரித்தேன். வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. ‘லோகன்’ படத்தை இப்போது மறுபடி போட்டால், அந்தக் கல்லறைக் காட்சியில் டெட்பூலின் குத்தாட்டம் குறுக்கே வருகிறது.

2023 ஜனவரியில் டிசியின் புதிய பொறுப்பாளர்கள் ஜேம்ஸ் கன், பீட்டர் சாஃப்ரன் இருவரும், ராபர்ட் பாட்டின்சனின் பேட்மேனைத் தனி உலகமாகவே விட்டுவிட்டு, தங்கள் பிரபஞ்சத்துக்கு வேறொரு பேட்மேன் வருவார் என்று அறிவித்தார்கள். முடியாத வரிசைக்கே இந்த மரியாதை கிடைக்கும்போது, முடிந்துபோன நோலன் படங்களை இழுப்பதற்கு வசூலைத் தவிர வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.