பழைய வீட்டுக்கு விலை பேசமுதல் உள்ளுக்கு யார் இருக்காங்க என்று பாருங்க

மடவளை பஸார்ல மஃரிபுக்குப் பிறகு எந்தத் தேத்தண்ணிக் கடையில போய் இருந்தாலும் பேச்சு கடைசியில காணியில வந்துதான் நிக்கும். பேர்ச் என்ன விலை போகுது, யாருட பழைய வீடு விலைக்கு வருது, யார் வாங்கிப் பெயின்ட் அடிச்சு ஆறு மாசத்தில கைமாத்தினது. வெளிநாட்டில உழைச்ச காசு, சீட்டுக் காசு, நகை வித்த காசு எல்லாம் இப்ப இந்தப் பக்கம்தான் பாயுது. அதுக்குக் காரணமும் இருக்கு. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் 69.8 வீதத்தைத் தொட்டது. பேங்கில கிடந்த காசு கண்ணுக்கு முன்னால கரைஞ்சதைப் பார்த்த தலைமுறை நாங்க. காணியும் கல்லும்தான் கரையாது என்ற முடிவுக்கு எல்லாரும் வந்திட்டாங்க.

நாங்களும் வந்தோம். மூணு கூட்டாளிகள், மூணு பேரும் முப்பதுக்குக் கீழ. வத்தேகமப் பக்கம் போற பாதையில பதினொரு பேர்ச் காணியில ஒரு பழைய ஓட்டு வீடு. முன்னுக்கு நீட்டு விறாந்தை, சிவப்பு சீமெந்துத் தரை, பலாப் பலகையில செஞ்ச ஜன்னல். யூடியூப்பில அமெரிக்கக்காரன் சொல்ற மாதிரி மலிவா வாங்கி, திருத்தி, லாபத்துக்கு விக்கிறதுதான் திட்டம். புரோக்கர் நானா அட்வான்ஸ் கேட்டு அவசரப்படுத்தினார். “ரெண்டு மகன்மாரும் வெளிநாட்டில, பவர் ஒப் அட்டோனி கைவசம் இருக்கு, உம்மா மகள்ட வீட்டுக்குப் போறா, ஒரு பிரச்சினையும் இல்ல” என்றார்.

பிரச்சினை ஒப்புக்குள்ள இருந்தது. நொத்தாரிஸ் ஒருத்தரிடம் கொண்டு போய்க் காட்டினோம். காணிப் பதிவகத்தில முப்பது வருஷத்துக்குப் பின்னால போய்த் தேடிப் பார்த்திட்டு அவர் ஒரே ஒரு வரியை விரலால தொட்டுக் காட்டினார். அந்த வீடு மூத்தம்மாவுக்கு அவட வாப்பா சீதனமாக் கொடுத்தது. அதை அவ ரெண்டு மகன்மாருக்கும் நன்கொடை உறுதியால எழுதிக் கொடுத்திருக்கா, சீவிய உரித்தைத் தனக்கு வெச்சுக்கொண்டு. அதாவது, உயிரோட இருக்கும் வரைக்கும் அந்த வீட்டில இருக்கவும் அதிட வருமானத்தை அனுபவிக்கவும் அவவுக்கு உரிமை இருக்கு. மகன்மார் வித்தாலும் அந்த உரிமை போகாது. வாங்கிறவன் கையில கிடைக்கிறது வெறும் கடதாசி உரிமைதான்.

நாங்க மூணு பேரும் மூத்தம்மாவைப் பார்க்கப் போனோம். குசினியில இருந்து தேங்காய் திருவிக்கொண்டு இருந்தா. விஷயத்தைச் சொன்னதும் அவ சொன்னது இவ்வளவுதான்: “ஒப்பம் வைக்கச் சொன்னா வைப்பன் மகன். இவ்வளவு நாளும் ஒருத்தரும் என்னக் கேக்கல்ல.” சீவிய உரித்து என்றால் என்ன என்பதும் அவவுக்குத் தெரியாது. எழுதும்போது சொன்னாங்களாம், மறந்து போச்சாம். அவவைப் பார்க்கிற மகளுக்கு அந்த ஒப்பில ஒரு பேர்ச்சும் எழுதியிருக்கல்ல.

இந்தக் கட்டுரையில நாங்க சொல்ல வாற முதல் கருத்து இதுதான். சீவிய உரித்துக்கும் ஒரு விலை இருக்கு. அதை விட்டுக்கொடுக்கச் சொல்றவங்க அந்த விலையைக் கொடுக்கவேணும். நாங்க மகன்மாருக்கு அதைத்தான் சொன்னோம்: வீட்டு விலையில ஒரு பங்கு தனிக் காசோலையா மூத்தம்மாட பேருக்குப் போகவேணும், இல்லாட்டி எங்களுக்கு வீடு வேணாம். ரெண்டு கிழமை வட்சப்பில சண்டை. “உங்களுக்கென்ன, உம்மாட காசு எங்கட காசுதானே” என்று மூத்தவர் கத்தினார். கடைசியில ஒத்துக்கொண்டாங்க. மூத்தம்மா நொத்தாரிஸுக்கு முன்னால, ரெண்டு சாட்சிக்கு முன்னால, என்னத்துக்கு ஒப்பம் வைக்கிறோம் என்று தெரிஞ்சு ஒப்பம் வெச்சா.

இதைச் சொல்லி நாங்க நல்ல புள்ளைகள் என்று காட்ட வரல்ல. அந்த வரியை நொத்தாரிஸ் காட்டாம இருந்திருந்தா நாங்களும் அட்வான்ஸைக் கட்டிட்டு, “உம்மா எப்ப போறா” என்று புரோக்கருக்கு கோல் எடுத்துக்கொண்டுதான் இருந்திருப்போம்.

எங்கட ஊர்கள்ல பழைய வீடு என்றாலே பல பேர்ட பங்கு. வாப்பா மௌத்தாகி, வாரிசுரிமைப்படி மனைவிக்கும் மகன்மாருக்கும் மகள்மாருக்கும் பிரிஞ்ச பங்கு ஒண்ணும் கடதாசியில ஏறாம அப்படியே கிடக்கும். ஒருத்தர் ஜித்தாவில, ஒருத்தர் மாத்தளையில. இன்னொருத்தர் பேசாம போய்ப் பத்து வருஷம். பிரிபடாத பங்கை வாங்கிறவன் 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கப் பிரிவினைச் சட்டத்தின் கீழ வழக்குப் போட்டு, கோட்டுப் படியில தாடி நரைக்கவேண்டி வரும். அமெரிக்க வீடியோவில இதெல்லாம் வராது.

ரெண்டாவது, கணக்கு. ஒரு கோடி ரூபா வீடு என்று வைங்க. முத்திரை வரி முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். மொத்தம் 3,99,000 ரூபா. நொத்தாரிஸ் கூலி, புரோக்கர் காசு, சர்வே பிளான் எல்லாம் அதுக்கு மேல. ஆறு மாசத்தில விக்கப் போனா வாங்கிறவன் திரும்ப அதே வரியைக் கட்டவேணும், அதை உங்கட விலையிலதான் குறைச்சுக் கேட்பான். 2018 ஏப்ரலிலிருந்து மூலதன ஆதாய வரியும் இருக்கு. பெயின்ட் அடிச்சுக் கைமாத்தி லாபம் எடுத்தவங்கட கதைகள்ல இந்த வரிகள் ஏன் வாறதில்லை என்று யோசிச்சுப் பாருங்க. ஒப்பில விலையைக் குறைச்சு எழுதியிருப்பாங்க, அல்லது கணக்கே பார்த்திருக்க மாட்டாங்க.

மூணாவது, மண். கண்டிப் பக்கத்தில வீட்டைப் பார்க்கமுதல் வீட்டுக்குப் பின்னால போய்ப் பார்க்கவேணும். மலையை வெட்டித்தான் எங்கட வீடுகள்ல பாதி நிக்குது. 2025 நவம்பர் கடைசியில டித்வா புயல் கண்டி மாவட்டத்தை என்ன செஞ்சது என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்ல. பின்மதில் வயிறு தள்ளியிருக்கா, சுவர்ல புது வெடிப்பு இருக்கா, திறந்து மூடின கதவு திடீரென்று இறுகுதா, மேட்டில மரங்கள் சரிஞ்சிருக்கா, மழைத் தண்ணி போற கான் மூடிக் கிடக்கா? இந்த அஞ்சு கேள்விக்கும் மறுமொழி தெரியாம அட்வான்ஸ் கொடுக்காதீங்க. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இதுக்காகத்தான் இருக்கு. எங்கட வீட்டுக் கான் இருபது வருஷமா மண்ணால மூடியிருந்தது. முதல் செலவு அதுக்குத்தான் போனது. அந்தச் செலவு போட்டோவில தெரியாது.

திருத்துற வேலையிலயும் பிழை விட்டோம். பழைய சுவர் மண்ணும் சுண்ணாம்பும். நாங்க அவசரத்தில ஒரு அறைக்கு சீமெந்துப் பூச்சு போட்டோம். மழைக் காலம் வந்ததும் ஈரம் வெளிய போக வழியில்லாம பூச்சு பொருக்காக் கழண்டு விழுந்தது. மேசன் பாஸ் சிரிச்சிட்டு, “நான் சொன்னேனே தம்பி” என்றார். சொன்னதுதான், நாங்கதான் கேக்கல்ல. மத்த அறைகளுக்குச் சுண்ணாம்புதான்.

பின்பக்கம் இறக்கின கூரை அஸ்பெஸ்டஸ். நீல அஸ்பெஸ்டஸை இலங்கை 1987லயே தடை செஞ்சது. வெள்ளை இன்னும் விக்குது. அதையும் நிறுத்தப் போனபோது, 2017 டிசம்பரில் ரஷ்யா எங்கட தேயிலையை நிறுத்தியது. அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாடும் தள்ளிப் போனது. எல்லா வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தரும் என்றுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பழைய தகட்டை உடைச்சு எறியாதீங்க, வாளால அறுக்காதீங்க. நனைச்சு முழுசா இறக்கவேணும், வேலை செய்ற பாஸ்மாருக்கு நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுக்கவேணும்.

எங்களுக்குத் தெரிஞ்ச நல்ல முன்மாதிரி ஜெஃப்ரி பாவா. 1958ல கொழும்பு 33ஆம் ஒழுங்கையில நாலு சின்ன வீடுகள்ல ஒண்ணை எடுத்தார். பிறகு ஒவ்வொண்ணா வாங்கி, நாலையும் ஒரே வீடாக்கப் பத்து வருஷம் எடுத்தார். அவருக்கு வசதி இருந்தது, எங்களுக்கு இல்ல. ஆனா பழைய வீட்டோட அவசரப்படக் கூடாது என்ற பாடம் எல்லாருக்கும் பொருந்தும்.

பயப்பட வேண்டிய முன்மாதிரி காலிக் கோட்டை. 1988ல யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். 2000க்குப் பிறகு வெளிநாட்டுக்காரங்களும் கொழும்புக்காரங்களும் வந்து பழைய வீடுகளை நல்ல விலைக்கு வாங்கினாங்க. தலைமுறையா இருந்த முஸ்லிம் குடும்பங்கள் பல வித்திட்டு வெளிய போச்சு. வீடுகள் அழகாத்தான் திருத்தப்பட்டன, ஹோட்டலாகவும் கடையாகவும். சுவர் மிஞ்சினது, அயலவன் மிஞ்சல்ல. வித்தவங்களைக் குறை சொல்ல எங்களுக்கு உரிமையில்ல, குமர் காரியம் முடிக்கவும் கடன் அடைக்கவும் வித்திருப்பாங்க. ஆனா இங்க அப்படி வாங்கிறது வெளிய இருந்து வாறவன் இல்ல. நாங்களேதான். ஒருத்தன் வாங்கி மத்தவனுக்கு, அவன் இன்னொருத்தனுக்கு. ஒவ்வொரு கைமாறலிலும் பேர்ச் விலை ஏறுது. கடைசியில வீடு இல்லாம நிக்கிறது எங்கட தம்பி, எங்கட தாத்தாட மகள், பாடசாலையில படிப்பிக்கிற டீச்சர்.

அதனால நாங்க அந்த வீட்டை விக்கல்ல. மாச வாடகைக்குக் கொடுத்திருக்கிறோம், ரெண்டு சின்னப் புள்ளைகள் உள்ள ஒரு குடும்பத்துக்கு. போட்ட காசு திரும்பி வர இன்னும் பல வருஷம் எடுக்கும். கடையில எங்களை மொக்கன் என்று சிரிக்கிறாங்க. மூணு பேர்ல ஒருத்தன் இப்பவும் விக்கலாம் என்றுதான் சொல்றான். அவனுக்குத் தங்கச்சிட கலியாணம் இருக்கு, அவன் சொல்றதிலயும் நியாயம் இருக்கு. அவன்ட பங்கை நாங்க ரெண்டு பேரும் எடுக்கிறதா, நோன்புக்கு முதல் முடிவு செய்யவேணும்.

நீங்களும் ஒரு பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க நினைச்சா, ஒப்பை நொத்தாரிஸிடம் கொடுங்க, பின்மதிலைப் போய்ப் பாருங்க. அதுக்கும் முதல் குசினிப் பக்கம் போய் அங்க இருக்கிறவட்ட ஒரு ஸலாம் சொல்லிக் கேளுங்க: வீடு விக்கிறது உங்களுக்குத் தெரியுமா?