வைஃபை கோடு ஃபுல்லா இருக்கு... நெட் மட்டும் வரலையா? | வீட்டு டெக்

‘ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணு!’

வீட்டில் நெட் நின்றுபோனால் ஏதாவது ஓர் அறையிலிருந்து இந்தக் குரல் வந்துவிடும். பல நேரம் அது வேலையும் செய்யும். வேலை செய்யாத நாள்தான் தலைவலி. அன்றைக்கென்று பார்த்து காலை 10 மணிக்கு மகனுக்கு ஆன்லைன் இன்டர்வியூ இருக்கும். அல்லது துபாயிலிருக்கும் அப்பா, வாரத்துக்கு ஒருமுறை வீடியோ காலில் வரும் நேரமாக இருக்கும். அவசரத்துக்கு கஸ்டமர் கேரைக் கூப்பிட்டால் அங்கே மியூசிக்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

பதற்றத்தில் ஆளுக்கொரு பட்டனை அழுத்துவதைவிட, கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதற்குப் பெரிய டெக்னிக்கல் அறிவெல்லாம் தேவையில்லை. வீட்டில் தண்ணீர் வரவில்லை என்றால் என்ன செய்வோமோ, அதையேதான் இங்கேயும் செய்யப்போகிறோம்.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு!

கிச்சன் குழாயில் தண்ணீர் வரவில்லை. உடனே கார்ப்பரேஷனுக்கு போன் போடுவோமா? பாத்ரூம் குழாயைத் திறந்து பார்ப்போம். அங்கே வந்தால், அடைப்பு கிச்சன் குழாயில்தான். அங்கேயும் வரவில்லை என்றால் மாடித் தொட்டியை எட்டிப் பார்ப்போம். தொட்டியே காலி, மோட்டார் போட்டும் ஏறவில்லை என்றால்தான் தெருக்குழாயைச் சந்தேகப்படுவோம்.

தெருவிலிருந்து ஃபைபர் கேபிள் வழியாக வீட்டுக்கு வருவது இன்டர்நெட். ரவுட்டர்தான் மாடித் தொட்டி. அங்கிருந்து உங்கள் போனுக்குக் காற்றில் வருவது வைஃபை. போனில் தெரியும் வைஃபை கோடுகள், தொட்டிக்கும் உங்களுக்கும் இடையிலான குழாய் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் சொல்கின்றன. தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா என்று அவை சொல்லாது. கோடு முழுசாக இருந்தும் யூடியூப் சுற்றிக்கொண்டே இருப்பது இதனால்தான்.

எனவே, முதல் கேள்வி: ‘எனக்கு மட்டுமா, எல்லோருக்குமா?’ வீட்டிலிருக்கும் இன்னொரு போனை எடுத்து, மொபைல் டேட்டாவை ஆஃப் செய்துவிட்டு, வைஃபையில் மட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து பாருங்கள். டேட்டாவை ஆஃப் செய்வது முக்கியம். வைஃபை சரியில்லாதபோது பல போன்கள் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். நாமும் வைஃபை நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்வோம்.

எந்த போனிலும் வரவில்லையா? லைட்டைப் பாருங்கள்

ஃபைபர் இணைப்பு உள்ள வீடுகளில், மெல்லிய ஒயர் வந்து சேரும் பெட்டியில் வரிசையாகச் சில லைட்டுகள் இருக்கும். மாடலுக்கு மாடல் பெயர் கொஞ்சம் மாறலாம். பெரும்பாலான பெட்டிகளில் ‘பி.ஓ.என்’, ‘எல்.ஓ.எஸ்’ என்ற இரண்டைப் பார்க்கலாம். பி.ஓ.என் பச்சையில் நிலையாக எரிந்தால், வெளியிலிருந்து வரும் லைன் சரி. எல்.ஓ.எஸ் சிவப்பில் மின்னினால், ஃபைபர் வழியாக வரவேண்டிய ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம்.

சிவப்பு மின்னும்போது நீங்கள் எத்தனை முறை ஆஃப் செய்து ஆன் செய்தாலும் பயனில்லை. தெருவில் உயரமான லாரி ஒன்று கேபிளை இழுத்துக்கொண்டு போயிருக்கலாம், எலி கடித்திருக்கலாம். வீட்டுக்குள்ளேயும் ஒரு காரணம் உண்டு. ஃபைபர் ஒயருக்குள் இருப்பது தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. பெருக்கும்போது ஒயர் மடங்கினாலோ, சோபாவை நகர்த்தும்போது அதன் கால் ஒயர் மீது ஏறினாலோ ஒளி தடைபடும். ஒயர் எங்காவது நசுங்கியோ மடங்கியோ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெதுவாக நேராக்குங்கள். ஆனால், அதைக் கழற்றி முனையைக் கண்ணருகே வைத்துப் பார்க்க வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர்.

ரீஸ்டார்ட் சரி... ரீசெட் வேண்டாம்!

பி.ஓ.என் பச்சையாக இருந்தும் நெட் வரவில்லை என்றால் ரீஸ்டார்ட் செய்யலாம். சுவிட்சைப் போட்டு உடனே எடுக்காமல், ஆஃப் செய்து அரை நிமிடம் பொறுத்து ஆன் செய்யுங்கள். ஃபைபர் பெட்டி தனி, ரவுட்டர் தனி என்று இரண்டு பெட்டிகள் இருந்தால், முதலில் ஃபைபர் பெட்டியை ஆன் செய்து, லைட்டுகள் நிலையான பிறகு ரவுட்டரை ஆன் செய்யுங்கள். எல்லாம் முடிய இரண்டு, மூன்று நிமிடங்கள் ஆகும்.

பெட்டியின் பின்னால் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். அதுதான் ரீசெட். அதை அழுத்திப் பிடித்தால் உங்கள் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்துவிடும். பல இணைப்புகளில் நிறுவனம் உள்ளே பதிந்துவைத்த யூசர்நேம், பாஸ்வேர்டும் சேர்ந்து போய்விடும். பிறகு டெக்னீஷியன் வந்துதான் சரிசெய்ய வேண்டியிருக்கும். ஐந்து நிமிடக் கோளாறு இரண்டு நாள் கோளாறாக மாறுவது பெரும்பாலும் இந்தத் துளையால்தான். குழந்தைகளிடமும் சொல்லிவையுங்கள்.

ஒரே ஒரு போனில் மட்டும் வரவில்லையா?

அப்படியானால் ரவுட்டரைத் தொட வேண்டாம். போன் செட்டிங்ஸில் உங்கள் வைஃபை பெயரைத் தொட்டு, ‘ஃபர்கெட்’ கொடுத்துவிட்டு, பாஸ்வேர்டு போட்டு மறுபடி இணையுங்கள். அதிலும் சரியாகவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, தேதியும் நேரமும். பேட்டரி முழுதாகத் தீர்ந்து பல நாள் கிடந்த பழைய போன், டேப்லெட்டுகளில் தேதி பின்னோக்கிப் போயிருக்கும். தேதி தவறாக இருந்தால் பாதுகாப்புச் சோதனையில் தோற்று, பெரும்பாலான தளங்கள் திறக்காது. இரண்டாவது, வி.பி.என் ஆப். எப்போதோ போட்டு மறந்துபோன இலவச வி.பி.என் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது, ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கும் ‘பிரைவேட் டி.என்.எஸ்’. விளம்பரத்தைத் தடுக்கலாம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதில் ஒரு முகவரியைப் போட்டிருந்தால், அந்த முகவரி வேலை செய்யாத நாளில் உங்கள் நெட்டும் வேலை செய்யாது. அதை ‘ஆட்டோமேட்டிக்’ என்று மாற்றிப் பாருங்கள்.

ஹாலில் பறக்குது... பெட்ரூமில் படுக்குது!

ரவுட்டரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒயர் தெரியக் கூடாது என்று டி.வி ஷோகேஸுக்குள், பீரோ மேல், கதவுக்குப் பின்னால் என்று ஒளித்துவைப்பதுதான் நம் வழக்கம். இரும்பு பீரோவும், ஆளுயரக் கண்ணாடியும், மீன் தொட்டியும், கம்பி போட்ட கான்கிரீட்டும் வைஃபை அலைகளுக்கு எதிரிகள். வீட்டின் நடுவே, திறந்த இடத்தில், தலை உயரத்துக்கு வைத்தாலே பல வீடுகளில் பிரச்னை தீர்ந்துவிடும். நீளமான கேபிள் வாங்கும் செலவுதான்.

அடுத்து, ஒரே ரவுட்டர் இரண்டு பெயரில் வைஃபை காட்டுகிறதா? ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், இன்னொன்று 5 கிகாஹெர்ட்ஸ். மொபைலில் வரும் 5ஜி-க்கும் இந்த 5-க்கும் சம்பந்தமில்லை. 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம், ஆனால் சுவரைத் தாண்டினால் சோர்ந்துவிடும். 2.4-ல் வேகம் குறைவு, ஆனால் தூரம் போகும். ரவுட்டர் இருக்கும் அறையில் 5, தள்ளியிருக்கும் அறையில் 2.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு கேமரா, ஸ்மார்ட் பல்பு போன்றவற்றில் பல 2.4-ல் மட்டுமே இணையும். புது கேமரா இணைய மறுத்தால், அதைக் கடைக்குத் திருப்பி எடுத்துப்போகும் முன்பு இதைப் பாருங்கள்.

அப்பார்ட்மென்ட்வாசிகளுக்கு இன்னொரு தொல்லை உண்டு. பக்கத்து வீடுகளின் ரவுட்டர்களும் அதே 2.4-ல்தான் பேசிக்கொண்டிருக்கும். ரவுட்டர் செட்டிங்ஸில் சேனல் என்ற இடத்தில் 1, 6, 11 ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை மூன்றும் ஒன்றோடொன்று மோதாதவை. மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்து, எது நன்றாக இருக்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம்.

மாடி வீட்டுக்கு சிக்னல் எட்டவில்லை என்று மலிவான ரிப்பீட்டர் வாங்குபவர்கள், அதை சிக்னலே இல்லாத அறையில் செருகிவிட்டு, ‘ஏமாத்திட்டான்’ என்பார்கள். காலித் தொட்டியிலிருந்து அது எதை இறைக்கும்? சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் பாதி வழியில்தான் அதை வைக்க வேண்டும். வாங்கிய அலைவரிசையிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர்களில் வேகமும் கிட்டத்தட்ட பாதியாகிவிடும். முடிந்தால் மாடிக்கு ஒரு கேபிள் இழுத்து, அங்கே இன்னொரு ரவுட்டரை இணைப்பதுதான் உறுதியான வழி.

‘100 எம்.பி.பி.எஸ் பிளான்... 12-தான் காட்டுது!’

இது பெரும்பாலும் கணக்கில் வரும் குழப்பம். பிளானில் சொல்வது மெகாபிட். டவுன்லோடு காட்டுவது மெகாபைட். 8 பிட் சேர்ந்தால் 1 பைட். 100-ஐ 8-ஆல் வகுத்தால் 12.5. ஆக, டவுன்லோடில் 12 காட்டினால் உங்களுக்கு முழு வேகமும் வருகிறது.

உண்மையிலேயே வேகம் குறைவு என்றால், ரவுட்டருக்கு அருகில் நின்று ஒருமுறை, லேப்டாப்பை கேபிளில் செருகி ஒருமுறை ஸ்பீடு டெஸ்ட் எடுங்கள். கேபிளில் நன்றாக வந்து வைஃபையில் குறைந்தால், கோளாறு வீட்டுக்குள். கேபிளிலும் குறைவு என்றால், மாதாந்தர டேட்டா வரம்பு முடிந்துவிட்டதா என்று நிறுவனத்தின் ஆப்பில் பாருங்கள். முடிந்திருந்தால் வேகத்தைக் குறைத்துவிடுவார்கள். வரம்பு சீக்கிரம் தீர்கிறது என்றால், உங்கள் பாஸ்வேர்டு தெருவுக்கே தெரிந்திருக்கலாம். மாற்றிவிடுங்கள். பழைய ரவுட்டர்களின் கேபிள் துளைகள் 100 எம்.பி.பி.எஸ்-க்கு மேல் தாங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அதை வைத்துக்கொண்டு 200 பிளானுக்குப் பணம் கட்டுவது வீண்.

முக்கியமான இன்டர்வியூ, ஆன்லைன் தேர்வு என்றால் வைஃபையையே நம்பாமல் லேப்டாப்பை கேபிளில் செருகிவிடுங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டையும் முதல் நாளே ஒருமுறை இணைத்துப் பார்த்து வையுங்கள். கரன்ட் போனாலும் ரவுட்டர் ஓடுவதற்கு சின்ன யு.பி.எஸ் கிடைக்கிறது. வாங்கும்போது ரவுட்டர் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் யு.பி.எஸ்-ஸின் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். ஆம்பியர் அதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் பேட்டரி பவர் வேண்டும்.

புகார் செய்யும்போது உஷார்!

கோளாறு வெளியில்தான் என்று தெரிந்துவிட்டால், ‘நெட் வரல’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘காலை 7 மணியிலிருந்து எல்.ஓ.எஸ் சிவப்பில் மின்னுகிறது, ரீஸ்டார்ட் செய்துவிட்டேன்’ என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் பத்து கேள்விகள் மிச்சமாகும். புகாருக்கு டாக்கெட் நம்பர் தருவார்கள், குறித்துக்கொள்ளுங்கள். டிராய் அமைப்பின் 2012-ம் ஆண்டு விதிமுறைகளின்படி, புகார் மையத்தில் தீர்வு கிடைக்காவிட்டால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டுப் பிரிவுக்குக் கட்டணமின்றிப் போகலாம். அப்போது இந்த நம்பர்தான் உங்கள் கையில் இருக்கும் சாட்சி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் முறையிடலாம்.

கஸ்டமர் கேர் நம்பரை கூகுளில் தேடி எடுக்காதீர்கள். அங்கே போலி நம்பர்களும் கலந்திருக்கும். பில்லிலோ, நிறுவனத்தின் ஆப்பிலோ உள்ள எண்ணை மட்டும் பயன்படுத்துங்கள். போனில் பேசுபவர் ‘இந்த ஆப்பை இன்ஸ்டால் பண்ணுங்க, ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்க’ என்றோ, ‘ஓ.டி.பி சொல்லுங்க’ என்றோ கேட்டால் உடனே கட் செய்யுங்கள். வைஃபையைச் சரிசெய்ய ஓ.டி.பி எதற்கு? பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

அம்மா, அப்பாவை ஊரில் விட்டுவிட்டு வெளியூரில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மொபைல் டவர் சரியாக எட்டாத வீடுகளில் வைஃபை காலிங்தான் போனுக்கே ஆதாரம். அங்கே நெட் நின்றால் போனும் நின்றமாதிரிதான். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது, ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் இவற்றை எழுதி ரவுட்டருக்கு மேலே சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்: எந்த சுவிட்சை ஆஃப் செய்ய வேண்டும், எந்த லைட் பச்சையாக இருக்க வேண்டும், எந்தத் துளையைத் தொடக் கூடாது, வாடிக்கையாளர் எண், பில்லில் இருக்கும் கஸ்டமர் கேர் நம்பர், கேபிள்காரத் தம்பியின் மொபைல் நம்பர். நல்ல நாளிலேயே அவர்களை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். அதன் பிறகு அவர்கள் லைட் நிறத்தை போனில் சொன்னாலே போதும், கோளாறு வீட்டிலா தெருவிலா என்று நீங்கள் இங்கிருந்தே சொல்லிவிடலாம்.