பிள்ளைகளைக் காக்கும் நர்சு எங்கே?

உழைத்துப் பிழைக்க ஊர் விட்டு வந்த தமிழ்ப் பெருமக்களே!

2022-ஆம் ஆண்டு நாம் வாழும் இந்த மும்பை மாநகரில் தட்டம்மை பரவியது. கோவண்டிக் குடிசைப் பகுதிகள்தான் அதிகம் அடிபட்டன. பிஞ்சுக் குழந்தைகள் மாண்டார்கள். மருந்தே இல்லாத நோயா அது? இல்லை. 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று என இரண்டே ஊசிகளால் தடுக்கக்கூடிய நோய். ஊசியும் இலவசம். பிறகு ஏன் செத்தார்கள்?

"தாய்மார்களுக்கு விவரம் போதாது" என்கிறார்கள் மேடைப் பேச்சாளர்கள். இந்தப் பழியை நாம் ஏற்க மாட்டோம். இருட்டோடு எழுந்து குழாயடியில் நின்று, இட்லி அவித்துக் கொடுத்து, பிறகு நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போகிறவள் நம் தாய். ஊசிக்குப் போனால் அன்றைய கூலி போச்சு. போன இடத்திலும் "ஆதார் எங்கே? எந்த ஏரியா நீ?" என்று விரட்டப்பட்டுத் திரும்பியவர்களை நாம் அறிவோம். குற்றம் யாருடையது?

2013-இல் தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கம் தொடங்கியபோது கணக்குப் போட்டுத்தான் எழுதி வைத்தார்கள். 50,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், 10,000 பேருக்கு ஒரு துணை நர்சு, 200 முதல் 500 வீடுகளுக்கு ஓர் ஆஷா ஊழியர். ஏட்டில் இருக்கிறது. உங்கள் சந்துக்கு நர்சம்மா கடைசியாக வந்தது எப்போது? எண்ணிச் சொல்லுங்கள்!

நர்சு ஊசி போட மட்டும் வருகிறவரல்ல. பிள்ளையை எடை போடும்போதே சோறு போதாததைக் கண்டுபிடிப்பவர். பட்டறையில் வேலைக்கு விடப்பட்ட பையனின் கையில் உள்ள சூட்டுக்காயத்தைப் பார்ப்பவர். பள்ளியை நிறுத்திக் கல்யாணம் பேசப்படும் சிறுமியின் முகத்தைப் படிப்பவர். போலீசுக்கும் கோர்ட்டுக்கும் தெரியுமுன் அவருக்குத் தெரியும்.

சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குழந்தைமீது பாலியல் கொடுமை நடந்தது தெரிந்தால் நர்சானாலும் டாக்டரானாலும் புகார் தெரிவித்தே ஆகவேண்டும், மறைத்தால் தண்டனை. பாதிக்கப்பட்ட குழந்தைக்கு அவசரச் சிகிச்சை தருமுன் போலீஸ் காகிதம் கொண்டு வா என்று எந்த மருத்துவமனையும் கேட்கக் கூடாது. கேட்டால் விதியைச் சொல்லி வாதாடுங்கள். 1098-க்குப் போன் செய்யுங்கள்.

நம் வீட்டையும் பார்ப்போம். அம்மை போட்டால் வேப்பிலை கட்டி வீட்டோடு வைத்து, மூச்சு இரைக்கும்வரை ஆஸ்பத்திரிக்குப் போகாதவர்கள் நம்மிலும் உண்டு. வேப்பிலை கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அன்றைக்கே டாக்டரிடமும் காட்டுங்கள். தட்டம்மை நிமோனியாவில் கொண்டுபோய் விடும், கண்ணையும் பறிக்கும். பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையை "மானம் போகும்" என்று மூடி வைப்பவர்களையும் கேட்கிறோம்: மூடினால் காப்பாற்றப்படுவது பிள்ளையா, கொடுமை செய்தவனா?

கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலிக்கு ரயில் ஏறும்போது ஊசி அட்டையையும் பையில் வையுங்கள். இங்கே தவறிய ஊசியை அங்கே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் போடலாம்.

நாம் கேட்பது இதுதான்: காலியான நர்சு இடங்களை நிரப்பு! நிரந்தர வேலை கொடு! ஆஷா ஊழியருக்கு ஊக்கத்தொகை என்ற பெயரில் பிச்சை போடாதே, சம்பளம் கொடு! வேலைக்குப் போகும் தாய்க்காக மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஊசி முகாம் நடத்து! காகிதம் இல்லையென்று எந்தக் குழந்தையையும் திருப்பாதே!

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கு நம் சந்து தெரிகிறது. நர்சை அனுப்ப மட்டும் வழி தெரியவில்லையா? அடுத்த முறை வரும்போது, ஒவ்வொரு வாசலிலும் இந்தக் கேள்வி காத்திருக்கட்டும்!